எண்ணூர்ச் சேற்றில் கிடைத்தவள்

நம்பாவிட்டால் போங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே சிரித்துவிடுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள், என்னிடம் யார் கதை விட முடியும்?

எண்ணூர் கழிமுகத்தில் தூர் வாரியபோது ஒரு சிறுமியின் எலும்புகள் கிடைத்தன. யாரென்று தெரியாத எலும்பு என்றால் அதிலிருந்து மரபணு எடுத்து, விருப்பப்பட்டு எச்சில் கொடுத்தவர்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்; தூரத்துச் சொந்தம் ஒருவர் சிக்கினால்கூட வம்சாவளியைப் பிடித்துக்கொண்டே வீடு வரைக்கும் போய்விடலாம். சிக்கியது நான். பயிற்சியின்போது கொடுத்த என் எச்சிலோடு அப்படியே பொருந்தியது.

"இன்னாம்மா ஸ்டெல்லா, க்ளவுஸ் போடாம தொட்டியா?" என்று உடன் வேலை செய்யும் காதர் அண்ணன் சிரித்தார். வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அதே பதில். "அப்ப உன்கூட ரெட்டையா ஒண்ணு பொறந்துகீதும்மா. வூட்ல மறைச்சிட்டாங்க" என்றார், இப்போது சிரிக்காமல்.

ராயபுரத்தில் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன்.

"ரெட்டையா? ஒத்தப் புள்ளதான் பெத்தேன்" என்றவளின் கை நின்றது. "ஏழு வயசுல எண்ணூர்ல பெரிம்மா வூட்டாண்ட காணாம பூட்ட. மறுநாள் உங்கப்பன் ஒண்ண இட்டுகினு வந்தாரு. தலையெல்லாம் சேறு. இது எம் புள்ள இல்லய்யான்னு கத்துனேன். பைத்தியம்னுட்டாரு. அதான் உன்ன தவுட்டுக்கு வாங்குனேன்."

பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவது வழக்கம்தானே, எனக்கும் அதற்காகத்தான் செய்தார்கள் என்று நினைத்திருந்தேன்.

"பெத்ததா நெனைக்க முடில. வாங்குனதா நெனச்சி வளத்தேன்."

அப்பாவைக் கேட்கலாமென்றால் அவர் செத்துப் பல வருஷமாகிறது. "நான்தாம்மா உன் பொண்ணு" என்றேன்.

"அப்போ காணாம பூட்டதுக்கு முன்னாடி நடந்தது ஏதாச்சும் ஒண்ணு சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். என் நினைவில் முதலில் இருப்பதே தலையிலிருந்து சேற்றைக் கழுவியதுதான்.

போலீசார் இரட்டைக் குழந்தை என்று எழுதி முடித்து எலும்புகளைக் கொடுத்தார்கள். அம்மா மடியில் வாங்கி, "ஸ்டெல்லா, எம் பொண்ணே" என்று அழுதாள். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட அவள் அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டதில்லை. கல்லறைச் சிலுவையில் என் பெயரையே எழுதச் சொன்னாள்.

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது, படிப்பிலும் பதில் இல்லை. என் பெயர் எழுதிய சிலுவையைக்கூடப் பார்த்துத் தாங்கிக்கொள்வேன். ஆனால் இப்போதெல்லாம் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கிறாள்.

"வாங்க" என்கிறாள். "உக்காருங்க."