அத்தை வாங்கிய பிளாஷ் பிராக்கெட்

அப்பாவின் தங்கையான என் அத்தை, ஓசூரில் மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வாரம் ஆறு நாளும் குவாலிட்டி செக்கிங் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டோகிராபர். மஞ்சள் நீராட்டுக்குப் பெண் ஒருத்திதான் படம் எடுக்க வேண்டும் என்று கேட்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று கேமரா பையோடு பஸ் ஏறிவிடுவாள்.

ஒருமுறை ஒரு வீட்டில் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, பொண்ணு பக்கத்தில் கறுப்பாக இன்னொரு ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று குறை சொன்னார்கள். முழு உயரம் விழ கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால், தலைக்கு மேல் இருந்த பிளாஷ் பக்கவாட்டில் போய்விடும். நிழல் சுவரில் விழும். அதற்குப் பிளாஷை எப்போதும் மேலேயே நிறுத்தும் பிராக்கெட் ஒன்று வாங்க வேண்டும் என்று என்னையும் கடைக்குக் கூட்டிப் போனாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆடாமல் நிற்பேன் என்பதால்தான் என்னைக் கூப்பிட்டாள் என்று பெருமையாக இருந்தது.

என் இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து தாடை வரை ஒரு தழும்பு உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது வெந்நீர் பட்டதாம். எந்தப் படத்துக்கு நின்றாலும் அம்மா என் தாடையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பிவிடுவாள். நாளடைவில் கேமராவைக் கண்டாலே கழுத்து தானாகத் திரும்பியது.

கடைக்காரர் கன்னடக்காரர். மூன்று பிராக்கெட்டுகளை மேசையில் வைத்தார். அத்தை என்னைச் சுவரோரம் நிறுத்தி, முதலில் பிராக்கெட் இல்லாமலே கேமராவைத் திருப்பிப் பிடித்தாள். நான் தலையைத் திருப்பினேன்.

"ஏன் கண்ணு திரும்பற?"

"அம்மா அப்படித்தான் நிக்கச் சொல்வாங்க."

"இன்னைக்கு என்னைப் பாரு."

பார்த்தேன். பிளாஷ் அடித்தது. திரையில், தழும்பு கயிறு மாதிரிப் புடைத்துத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை குனிந்து, "இது உன் மூஞ்சி இல்ல கண்ணு. வெளிச்சம் பக்கத்துல இருந்து வந்து பண்ற வேல" என்றாள்.

முதல் பிராக்கெட் வெறும் எல் வடிவத் தகடு. கேமரா நெட்டுக்குத்தாக நின்றபோது படம் நன்றாக வந்தது. படுக்கவைத்தால் பிளாஷ் மறுபடி பக்கத்துக்குப் போனது. இரண்டாவதில் கேமராவே சுழலும், பிளாஷ் அசையாது. ஆனால் அத்தை அதைத் தூக்கிப் பிடித்துப் பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கிவிட்டது.

"நோடி, பாருங்க மேடம், இது வெயிட் கம்மி" என்று கடைக்காரர் மூன்றாவதை நீட்டினார். கேமராவை எப்படித் திருப்பினாலும், கையால் ஒரு தட்டு தட்டினால் பிளாஷ் நேர் மேலே வந்து நின்றது. அவருக்கு அதோடு வியாபாரம் முடிந்திருக்க வேண்டும். அத்தையோ கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கிற மாதிரி, திருகாணியை முறுக்கி, தளர்த்தி, மறுபடி முறுக்கி, என்னைப் பதினைந்து படமாவது எடுத்தாள். ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினாள். நாலாவது படத்துக்கு அவள் சொல்லாமலே நேராகப் பார்த்தேன். கடைசிப் படத்தில் தழும்பு இருந்தது, இருக்கிற மாதிரியே. ஆனால் நான் முதலில் பார்த்தது என் சிரிப்பைத்தான்.

"இதையே குடுங்க" என்றாள் அத்தை.

விசேஷ வீட்டுக்காக ஒரு சாமான் வாங்க அத்தனை படம் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அத்தை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள். அப்படியே சமையலறைக்குள் போய்விட்டாள். திரும்பி நிற்காததற்குக் கோபம் போலிருக்கிறது என்று பயந்து, பின்னாலேயே போய், "அடுத்த தடவை திரும்பிக்கறேன்மா" என்றேன். அம்மா என்னை இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த வெந்நீர் யார் கையிலிருந்து நழுவியது என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அது அம்மாவின் கை என்பது அத்தைக்குத் தெரிந்திருந்தது.