சயாம் போனவன் பங்குச் சோறு

மலாயாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நவமணியின் வாய்க்கு, வேலை வாங்கும் மண்டோரே பயப்படுவார். பால்மரம் சீவுவதில் கெட்டிக்காரி. சண்டை போடுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய புருஷன் செல்லனை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். யுத்தம் முடிந்து, போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். செல்லன் வரவில்லை. செத்துப்போனான் என்று சொல்லவும் ஆளில்லை. அதனால் அவள் தாலியைக் கழற்றவில்லை. சாயங்காலம் சோறு ஆக்கினால் அவனுக்கும் ஒரு தட்டில் போட்டு மூடி வைப்பாள். விடிந்ததும் அதைத் தானே தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதும் இந்தத் தட்டு வம்பாகிவிட்டது. தொழிலாளிகள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, தலைக்கு இவ்வளவு என அரிசியைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அளந்து கொடுத்தார். தனிக்கட்டை வீட்டில் இரண்டு தட்டு என்றால் சும்மா விடுவார்களா? மண்டோர் சிவானந்தம் போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். சோறு யாருக்கு என்று கேட்டார்கள். புருஷனுக்கு என்றாள். ஆள் எங்கே என்றார்கள். சயாமில் என்றாள். போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு முறை இரண்டாவது தட்டைப் பார்த்தால் உள்ளே தள்ளிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நவமணி அன்றும் தட்டை வைத்தாள், கட்டிலுக்கு அடியில்.

ஒருநாள் கேட்டை மூடும் நேரத்தில் அதே போலீஸ்காரரும் மண்டோரும் ஓர் ஆளை அழைத்து வந்தார்கள். தலை நரைத்த செல்லன். அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை. சயாமிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டதையும், அவள் காய்ச்சலில் போய்விட்டதையும், பிள்ளைக்கு வேறு நாதியில்லை என்பதையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

நவமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விறகுக் கட்டையை எடுப்பாள் என்று மண்டோர் தள்ளியே நின்றார். அவள் எடுக்கத்தான் போனாள். குழந்தை அடுப்பிலிருந்த காலிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நவமணி கட்டிலுக்கு அடியிலிருந்து தட்டை இழுத்தாள். போலீஸ்காரர் பார்க்கப் பார்க்கவே சோற்றைப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டினாள். அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். செல்லன் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எட்டு வருஷம் ஒனக்குன்னு வெச்சேன். நீ இன்னைக்குப் பட்டினி கெட,” என்றாள் அவனிடம்.

பிறகு வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள்: “மண்டோரே, கிராணிகிட்ட சொல்லிருங்க. நாளையிலேர்ந்து இந்த வீட்டுக்கு மூணு தலைக்கு அரிசி.”