"போத்தல் அவங்கடதான்" எண்டு நான் சொன்ன நாள்

திங்கக்கிழம காலையில தேன் ஏத்தின சபை டிராக்டர் உள்ளுக்கு வந்தா, மேசைய விட்டு எழும்பாமலே எனக்குத் தெரிஞ்சிரும்... புகை, மெழுகு, பச்சக்காடு எல்லாம் சேந்த ஒரு தேன் மணம்.

எழுபத்தெட்டு, எழுபத்தொம்பது... அந்தக் காலம். கல்முனைக்குக் கிட்ட எங்கட ஊர்ப் பட்டின சபையில எனக்குக் கிளாக்கர் வேல. இருபத்திரண்டு வயசு. கால்சட்ட மடிப்புக் குலையாம சைக்கிள் ஓடுற வயசு.

வயலெல்லாம் தாண்டி மேற்கால, காட்டோரத்துல வேடர் ஆக்கள்ட குடியிருப்பு ஒண்டு இரிந்திச்சு. அந்த மண்ணுல எங்க எல்லாருக்கும் முந்தின ஆக்கள். அவங்களுக்கும் எங்கட சபைக்கும் ஒரு ஒப்பந்தம். சபை நடத்துற ஆயுர்வேத டிஸ்பென்சரிக்கு மருந்து கொழைக்கத் தேன் அவங்க தருவாங்க. அத ஏத்திவரச் சபை கிழமைக்கு ஒருக்கா டிராக்டர் அனுப்பும், சந்தையில வாடகை இல்லாம ஒரு கடையும் குடுக்கும். மிச்சத் தேன அதுல வச்சி விக்கலாம்.

சேர்மன் யோசிச்ச விசயம். நல்ல மனிசன்.

ஒப்பந்தத்த அங்க போய் வாசிச்சுக் காட்டினது நான்தான். வேலாத்தை எண்டு ஒரு பொம்புள, நாப்பது வயசு இரிக்கும், அவங்க எல்லாருக்காகவும் அவதான் கதைச்சா. கடைசி வரைக்கும் கேட்டுட்டு ஒண்டே ஒண்டு கேட்டா.

"டிராக்டர் வராத கிழம நாங்க நடந்து வந்தா, கடை இரிக்கும்தானே தம்பி?"

"ஓம் அக்கா, அது உங்கட கடைதானே" எண்டன்.

ஒரு வருசம் போல நல்லா நடந்திச்சு. முதல்ல எங்கட பொம்புளைகள் எட்ட நிண்டுதான் வாங்குவாங்க. மறுகா மறுகா வேலாத்தைட சாக்குலயே குந்தி இரிந்து புள்ள வளக்குற கதையெல்லாம் கதைப்பாங்க. போத்தல் வாய அவ மெழுகால வழுவழுப்பா அடைச்சுக் கொண்டு வருவா. பாத்தா கண்ணாடி மாதிரி இரிக்கும்.

என்னோட கூடப்பொறந்த ராத்தாட மாப்பிள்ள, மச்சான், சந்தைக்கு முன்னால பலசரக்குக் கடை வச்சிரிந்தார். அவரும் வேலாத்தைட்ட வாங்கித்தான் விப்பார்.

ஒரு பின்னேரம் ராத்தா வீட்டுக்குப் போனன். அடுக்களையில பெரிய சட்டியில சீனிப்பாணி கொதிக்குது. மச்சான் வேலாத்தைட போத்தல்கள்ள பாதித் தேன வடிச்செடுத்துட்டு, பாதிக்குப் பாணிய ஊத்துறார். மெழுக உருக்கித் திரும்ப அடைக்கிறார்.

"யாவாரம் தம்பி. இதுல ஆரும் சாகப் போறல்ல" எண்டார்.

ராத்தா நிமிந்தும் பாக்கல்ல. நான் பிளேன் டீயக் குடிச்சிட்டு வந்துட்டன்.

கொஞ்ச நாளையில ஒரு ஹாஜியார் சபைக்கு வந்தார், கையில போத்தலோட. பேரப்புள்ளக்கு மருந்து கொழைச்சுக் குடுத்த தேன் நுரைச்சுப் புளிச்சிரிந்திச்சாம். புள்ள ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில. சந்தைப் பக்கம் வாங்கினது, எந்தக் கடையெண்டு வாங்கின ஆளுக்கு நெனப்பில்ல.

சேர்மன் விசாரணை வச்சார். யாவாரிகள் எல்லாரும் இரிந்தாங்க, மச்சானும் இரிந்தார். வேடர் ஆக்கள் இல்ல... அவங்களுக்கு ஆரும் சொல்லி அனுப்பல்ல.

"தம்பி, திங்கக்கிழமையில நீதானே சந்தையில நிக்கிற. இது அவங்கட போத்தலா?"

கையில வாங்கிப் பாத்தன். மெழுகு மேடும் பள்ளமுமா கெடந்திச்சு. ஆர்ட கை வேலயெண்டு எனக்குத் தெரியும். மச்சான் என்னப் பாக்காம சுவரப் பாத்துட்டு இரிந்தார். ராத்தா அப்ப ஏழு மாசம்.

"ஓம் சேர். போத்தல் அவங்கடதான்."

பொய் சொல்லல்ல பாருங்க. போத்தல் அவங்கடதான்...

ஒப்பந்தம் முறிஞ்சிச்சு. "தரக்குறைவான தேன்" எண்டு கடிதம் டைப் பண்ணினதும் நான்தான். அது அவங்களுக்குப் போய்ச் சேரல்ல. அடுத்த திங்கக்கிழம டிராக்டர் போகல்ல. காத்திருந்து பாத்துட்டு, தலையில சுமையோட நடந்து வந்துட்டாங்க. பகல் தொழுகைக்கு, லுஹருக்குப் பாங்கு சொல்ற நேரம் வந்து சேந்தாங்க. கடையில ஒரு கருவாட்டு யாவாரி இரிந்தார்.

சபை விறாந்தையில வச்சிக் கடிதத்த வாசிச்சன். வேலாத்தை சுமைய இறக்காமலே கேட்டா.

"நாங்க ஒண்டும் கலக்கல்ல தம்பி. உங்களுக்குத் தெரியும்தானே?"

ஒப்பிஸ் முழுக்கப் பாத்துட்டு நிக்குது.

"எனக்கு ஒண்டும் தெரியா அக்கா. மேல எடுத்த முடிவு."

ஏசல்ல. அழல்ல. கொஞ்ச நேரம் என்ட முகத்தப் பாத்தா. அந்தப் பார்வையில கோவம் இரிந்திரிந்தா எனக்கு லேசா இரிந்திரிக்கும். மறுகா திரும்பி நடந்துட்டாங்க, அந்த வெயிலுக்குள்ள, வந்த சுமையோடயே.

அண்டைக்குப் பகல் எனக்குச் சோறு இறங்கல்ல எண்டு எழுதினா வாசிக்க நல்லாத்தான் இரிக்கும். ஆனா நல்லாத் தின்னன். ராத்தா வீட்டுல.

எண்பதுகள்ள கலவரம் வந்திச்சு, அந்தப் பாதையெல்லாம் மூடிப் போச்சு. அவங்களும் எழும்பி எங்கயோ போயிட்டாங்க எண்டு கேள்வி. ஒருக்காவாவது தேடிப் போயிரிக்கலாம்... பாதை திறந்த பொறகும் நான் போகல்ல. சேர்மன் வயசு போய் மௌத்தாகிட்டார். மச்சானும்தான்.

அப்பெல்லாம் தேன் வேணுமெண்டா எடுத்த ஆள்ட முகத்தப் பாத்து வாங்கலாம், பேர் சொல்லிக் கூப்பிடலாம். இப்ப ஏசிக்குள்ள, ஸ்டிக்கர் ஒட்டின போத்தல். எந்த நாட்டுத் தேனெண்டே தெரியா.

போன மாசம் கல்முனையில ஒரு சுப்பர்மார்க்கட்ல நிண்டன். பக்கத்துல ஒரு தம்பி தன்ட மனிசிட்ட சொல்றார், "வேடர் தேன் எண்டு ஆரும் கொண்டு வந்தா வாங்காதீங்க. அந்தக் காலத்துலயே சீனிப்பாணி கலந்து புடிபட்ட ஆக்கள் எண்டு வாப்பா சொல்லுவார்."

நான் அவர்ட பக்கம் திரும்பினன்.

"கலந்தது அவங்க இல்ல மகன்" எண்டன்.

"அப்ப ஆரு?"

"எங்கட வீட்டு ஆள். எனக்கு அப்பவே தெரியும்."

அந்தத் தம்பி மரியாதையாச் சிரிச்சார். "சரி மாமா" எண்டுட்டு, ட்ரொலியத் தள்ளிட்டுப் பால்மா இரிந்த பக்கம் போயிட்டார்.