ஒன்பதாம் நாள் காய்ச்சல்

என் மனைவி இறந்த பிறகும் அவளுடைய கைபேசி பேசிக்கொண்டிருந்தது. மிச்சம் என்ற ஆங்கிலேயப் புறநகரில் எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலோரம் அதைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் அதற்கு விழிப்பு வரும். டிராம் கடந்து போகையில் கண்ணாடி மெல்ல நடுங்கும்; அந்த நடுக்கம் அடங்குமுன் கைபேசியும் நடுங்கும். எது எது என்று பிரித்தறியாத அரைத்தூக்கத்தில் நான் நாற்காலியில் சாய்ந்திருப்பேன். பிறகு கையை நீட்டித் திரையைத் தொடுவேன். யாரோ ஒரு பெண் ஸ்பானிஷ் மொழியில் பேசத் தொடங்குவாள். அவள் குரலுக்குப் பின்னால் வாளி நகரும் ஓசை, பேருந்தின் மணி, ஒரு குழந்தையின் இருமல். அந்த மொழி எனக்குத் தெரியாது. தெரியாததே அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

என் மனைவி குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் தாதியாக ஒரு சிகிச்சை நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவள். அங்கே வந்த தாய்மாரில் பாதிப்பேர் பொலிவியா, எக்குவடோர், கொலம்பியா நாடுகளைச் சேர்ந்தவர்கள். விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போய், நண்பகலில் திரும்புகிறவர்கள். துண்டுப் பிரசுரங்களை அவர்கள் வாசிக்கவில்லை. வாசிக்கக் கையும் கண்ணும் ஓய்வாக இல்லை. ஆனால் காதில் எப்போதும் காதொலிப்பான் இருந்தது. இரண்டு குளிர்காலங்கள் வகுப்புக்குப் போய் அவள் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள். பின்பு கைபேசியில் ஒரு குழுவை அமைத்து, அரை நிமிடக் குரல் செய்திகளை அனுப்பத் தொடங்கினாள். எந்த வயதில் எந்த ஊசி, தவறிவிட்டால் என்ன செய்வது, எதைக் கையோடு கொண்டுபோவது. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குழு அவளிடமே இருந்தது. அவர்கள் அவளை ‘டொக்டோரா’ என்று அழைத்தார்கள். நான் தாதிதான் என்று திருத்தித் திருத்திக் கடைசியில் அவள் விட்டுவிட்டாள்.

அவளுடைய பழைய செய்திகளையும் கேட்பேன். தமிழில் மூச்சுவிடாமல் பேசுகிறவள், ஸ்பானிஷில் முழங்கால் அளவு நீரில் நடப்பவளைப் போல நிதானமாகப் போனாள். என்ன சொல்கிறாள் என்று அறிய வேண்டுமானால் கைபேசியே மொழிபெயர்த்துத் தரும். ஏழு வாரங்கள் நான் அதைக் கேட்கவில்லை.

எட்டாவது வாரம் செய்திகளின் தொனி மாறியது. ஒரே பெண்ணின் குரல் ஆறு நாட்களில் மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை அது உடைந்திருந்தது. அப்போதுதான் மொழிபெயர்ப்பைத் திறந்தேன். ‘டொக்டோரா, எங்கே இருக்கிறீர்கள்? மகளின் நர்சரியில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து. அவளுக்கு இரண்டாவது தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. முதல் முறை நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊசிக்குப் போகவா, வேண்டாமா?’ கூடவே குழந்தையின் சிவப்பு நிறச் சுகாதாரப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

நான் புள்ளியியல் கற்பித்தவன். பதில் எழுத எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. மேலே குழந்தையின் முழுப் பெயர், பிறந்த தேதி, விடுபட்ட ஊசி. அதன்கீழ் நான்கு பத்திகள்: நோயால் வரக்கூடிய தீங்கின் நிகழ்தகவும், ஊசியால் வரக்கூடிய தீங்கின் நிகழ்தகவும், இரண்டையும் ஒப்பிடும் முறையும். இறுதியில், உடனடியாகச் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்து, மொழிபெயர்த்து, கேள்வி வந்த குழுவிலேயே பதிலை இட்டேன். எழுதுவது யார் என்று குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தத் தாய் குழுவிலிருந்து வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. சற்று நேரத்தில் இன்னும் இருவர். தேநீர் ஆறுவதற்குள் ஆறு பேர். அதன் பிறகு டிராம் போனபோது கண்ணாடி மட்டுமே நடுங்கியது.

வெள்ளிக்கிழமை என் மனைவியின் தங்கை சாப்பாடு கொண்டுவந்தாள். வாரம் ஒருமுறை வந்து, குளிர்பெட்டியைத் திறந்து, நான் தொடாதவற்றைப் பார்த்து என்னை விசாரிப்பது அவளது வழக்கம்.

“இந்தச் சொதி போன கிழமை வைச்சது அத்தான். மியூசியத்துக்குக் குடுக்கப் போறியளோ?”

நான் கைபேசியை அவளிடம் நீட்டினேன். ஆங்கில மூலத்தை அவள் நின்றபடியே வாசித்தாள்.

“இதென்ன, ஊசிக்குக் கூப்பிடுறியளோ, இல்லாட்டிப் பிள்ளையைப் பிளேனிலை ஏத்தப் போறியளோ?”

“தகவலிலை பிழை இருக்கோ?”

“ஒரு பிழையும் இல்லை. அதுதான் பயமாக்கிடக்கு. பேர், பிறந்த தேதி, ‘உடனடியாக’. எங்களுக்குக் குடிவரவு ஒபிசிலை இருந்து வந்த கடிதம் எப்பிடித் துவங்கினது? கவரைப் பிரிக்கேலாமல் அக்கா ரெண்டு நாள் அல்மாரிக்கு மேலை வைச்சிருந்தவ. மறந்திட்டியளோ?”

நான் மறக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பிரித்தவன் நான்தான்.

“அக்கான்ரை போனை ஆரோ ஒபிசர் பறிச்சு வைச்சிருக்கிறார் எண்டெல்லோ அதுகள் நினைச்சிருக்குங்கள்.”

“நான் ஒபிசர் இல்லையே.”

“அது அவையளுக்கு எப்பிடித் தெரியும்? அக்கா இல்லை எண்டு சொன்னனீங்களோ?”

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் கேட்டது குழுவைப் பற்றி மட்டும்தான். ஆனால் அந்த வாக்கியத்தை நான் எவரிடமும் சொன்னதில்லை. உறவினர்களுக்கு அவள் சொன்னாள். பங்கு மக்களுக்குப் பாதிரியார் பீடத்திலிருந்து சொன்னார். அலுவலகங்களுக்கு மகள் மின்னஞ்சல் எழுதினாள். எனக்கு அதைச் சொல்லும் தேவை வரவே இல்லை.

“சின்னமுத்து நர்சரிக்குள்ளை வந்திட்டுது அத்தான்,” என்றாள் அவள், குரலைத் தணித்து. “அந்தப் பிள்ளைக்கு இனிப் பொறுக்க நாள் இல்லை. ஞாயிறு மூண்டு மணிக்கு எங்கடை கோயிலிலைதானே அவையளின்ரை பூசை. வாங்கோ, நானும் வாறன்.”

எங்கள் தேவாலயத்தில் நண்பகலில் தமிழ்ப் பூசை, மூன்று மணிக்கு ஸ்பானிஷ் பூசை. நாங்கள் வெளியேறும் வாசலில் அவர்கள் உள்ளே வருவார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த முகங்களுக்குத் தலையசைத்திருக்கிறேன். ஜன்னலோரத்துக் குரல்கள் அந்த முகங்களுடையவை என்று ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று நாங்கள் வீடு திரும்பாமல் பக்கத்து மண்டபத்தில் காத்திருந்தோம். வெளியே தூறல். மேலங்கிகள் உலரும் வாடையோடு எங்கள் பூசையின் சாம்பிராணி மணம் இன்னும் கலந்திருந்தது. சுவருக்கு அப்பால் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்குள் நான் சற்றுக் கண்ணயர்ந்திருக்க வேண்டும். விழித்தபோது மண்டபம் நிறைந்திருந்தது, தேநீர்க் கெண்டியின் ஆவியில் முகங்கள் மிதந்துகொண்டிருந்தன.

கைபேசியில் அந்தச் செய்திகளோடு இருந்த சிறு முகப்படத்தைக் கொண்டு மைத்துனி அந்தத் தாயை அடையாளம் கண்டாள். முப்பது வயதுக்கு மேல் இராது. மடியில் மூன்று வயதுச் சிறுமி. என் கையில் இருந்த கைபேசியை, அதன் பச்சை உறையை, அவர் கண்டுகொண்டார். குழந்தையைச் சுற்றியிருந்த கை இறுகியது. அவர் பேசிய தடுமாறும் ஆங்கிலத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

“இது டொக்டோராவின் போன்.”

“ஆம். நான் அவருடைய கணவன். அந்தக் கடிதம் நான் எழுதியது.”

“அவர் எங்கே?”

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்த ஓசை முடியும்வரை பொறுத்தேன்.

“என் மனைவி இறந்துவிட்டார்,” என்றேன். எளிய வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு ஒன்பது வாரங்கள் ஆகியிருந்தன.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். நான் உட்கார்ந்தேன். மைத்துனி தான் கொண்டுவந்திருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து குழந்தையிடம் பொரித்த ரோல்ஸ் ஒன்றை நீட்டினாள். உறைக்கும் என்று எச்சரிப்பதற்குள் அவள் பாதியைத் தின்றுவிட்டாள்.

“நீங்கள் நீதிபதி மாதிரி எழுதுகிறீர்கள்,” என்றார் தாய், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “அவர் அப்படி இல்லை. எப்போதும் முதலில், சாப்பிட்டீர்களா என்று கேட்பார். எங்கள் நாட்டில் யாரும் அப்படிக் கேட்டு ஆரம்பிப்பதில்லை. நாங்கள் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டோம் என்று பதில் அனுப்ப ஆரம்பித்துவிட்டோம்.”

முதல் ஊசியின் கதையை அப்போதுதான் அறிந்தேன். ஊசி போட்ட ஒன்பதாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி, நெஞ்சில் சிவப்பும் படர்ந்திருக்கிறது. அப்படி வரலாம், வந்தால் அடங்கிவிடும் என்று முன்பே கேட்டறிந்திருந்தும் அவர் நடுங்கிப்போனார். ஆனால் அன்று காலை, அவர் அழைக்குமுன்னரே, என் மனைவியின் செய்தி வந்திருந்தது. அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். காய்ச்சல் இறங்கும்வரை மணிக்கு ஒருமுறை பேசியிருக்கிறாள்.

“ஊசி நல்லது, எனக்குத் தெரியும்,” என்றார். “ஊசி போட ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் என்னோடு யார் பேசுவார்கள்?”

என் நான்கு பத்திகளில் இந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை.

“நான் பேசுகிறேன்,” என்றேன்.

“உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாதே!”

“தெரியாது. காய்ச்சல் எவ்வளவு என்று இலக்கத்தைச் சொல்லுங்கள். இலக்கம் எனக்குத் தெரியும். எந்த நிலையில் அவசர எண்ணை அழைக்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்த தாளும் என்னிடம் இருக்கிறது.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார், அழுகை அந்தச் சிரிப்பிலிருந்து முழுவதும் போயிருக்கவில்லை. “சரி, நீதிபதி.”

“நல்ல பேர்தான்,” என்றாள் மைத்துனி என்னிடம். “இனி நானும் அப்பிடித்தான் கூப்பிடப் போறன்.”

புதன்கிழமை ஊசி போட்டார்கள். நான் எண்ணத் தொடங்கினேன். நாட்களை எண்ணுவது எளிது என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒன்பதாம் நாள் காலை, அவருடைய வேலை முடியும் நேரம் பார்த்து, செய்தியைப் பதிவு செய்தேன். சாப்பிட்டீர்களா என்ற ஸ்பானிஷ் வாக்கியத்தை என் மனைவியின் செய்திகளில் தேடி, அவள் சொன்னவாறே சொல்லப் பழகியிருந்தேன். மூன்று முறை அழித்து, நான்காவதை அனுப்பினேன். முட்டையும் சோறும் என்று பதில் வந்தது. காய்ச்சல் இல்லை.

நண்பகலில் முப்பத்தெட்டு பாகை செல்சியஸ். ஒரு மணிக்கு முப்பத்தெட்டு தசம் ஐந்து. மருந்து கொடுத்தாயிற்றா, நீர் குடிக்கிறாளா, விளையாடுகிறாளா என்று அந்தத் தாளில் இருந்த வரிசையில் கேட்டேன். விளையாடுகிறாள் என்றார். மேகம் நகர்ந்து, முன்னறைக் கம்பளத்தில் வெயில் விழுந்து, நகர்ந்து, மறைந்தது. டிராம்கள் நீருக்கடியில் ஓடுவனபோல் தொலைவில் ஓடின. இரண்டு மணிக்கு அதே எண். மூன்று மணிக்கு, முப்பத்தெட்டு. ஒவ்வோர் எண்ணையும் என் குரலால் திரும்பச் சொன்னேன், கேட்டேன் என்று அவர் அறிவதற்காக.

ஐந்து மணிக்குச் சற்றுமுன் முப்பத்தேழு என்று வந்தது. பின்னணியில் குழந்தை எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். நல்லது என்று பதில் அனுப்பினேன். எழுந்து கூடத்துக்குப் போய், அழைத்தால் உடனே புறப்படலாம் என்று காலை முதல் போட்டிருந்த கோட்டைக் கழற்றிக் கொளுவியில் மாட்டினேன்.