இரண்டாம் ஞாயிறும் ஒரு கயாக்கும்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு விடிந்தால் ஜெபசெல்வியும் ராஜகுமாரும் தாராவியில் இருக்க மாட்டார்கள். ஆராதனைக்குக் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் இருவரும் மும்பைக்கு வெளியே, கர்ஜத் தாண்டி ஒரு அணை ஏரியில், ஆளுக்கொரு துடுப்போடு, கயாக் என்கிற ஒரே ஒல்லிப் படகில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். இது வேறு யாருக்கும் தெரியாது. தாராவியில், அதுவும் திருநெல்வேலிக்காரர்கள் குடியிருக்கும் சந்தில், இரண்டு வருஷம் ஒரு விஷயத்தை மறைத்து வைத்தார்கள் என்றால் அது லேசுப்பட்ட காரியமா?

ஆரம்பித்து வைத்தவர் ஜீஷான். அந்த ஏரியில் படகு வாடகைக்கு விடுகிறவர். மிதவை ஜாக்கெட்டுகளின் அறுந்த வார்களைத் தைக்க, ராஜகுமாரின் பை பட்டறைக்கு ஒரு மூட்டை கொண்டுவந்தார். தைத்தவர்களே போட்டுப் பார்த்தால்தான் தனக்கு நம்பிக்கை வரும் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். சும்மா போய்ப் பார்ப்போமே என்று போனார்கள். முதல் நாள் படகு அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. "நீங்க ஏன் அந்தப் பக்கம் தள்ளுதிய?" என்றாள் அவள். "நீ ஏன்ட்டி இந்தப் பக்கம் இழுக்க?" என்றான் அவன். கரையில் ஜீஷான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முன்னால் இருப்பவள் போடும் வேகத்துக்குப் பின்னால் இருப்பவன் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் வித்தை. அது ராஜகுமாருக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

அப்புறம் பேச்சே குறைந்துவிட்டது. வீட்டில் ஒரே அறைக்குள் மாமியார், கொழுந்தன் குடும்பம், தலைக்கு மேலே மாடிப் பட்டறையில் மூன்று தையல் மெஷின். புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேர் பதில் சொல்வார்கள். ஏரியிலோ கோரைப் புல் ஓரமாகப் படகை நிறுத்தி, துடுப்பை மடியில் வைத்துவிட்டால் போதும். நீர்க்காகம் பட்டமரத்தில் சிறகை விரித்துக் காயப்போடும். மீன்கொத்தி சொத்தென்று விழுந்து எழும்பும். பார்த்ததும் ஜெபசெல்வி திரும்பாமலே விரலை மட்டும் நீட்டுவாள். பின்னாலிருந்து "ம்" என்று வரும். அந்த "ம்" அவளுக்கு மட்டும் என்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஒரு மழைக்காலத்தில் முக்குளிப்பான் ஒன்று மூன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிற்று. ராஜகுமாருக்குத் திக்கென்றது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம், பிள்ளை இல்லை. இவள் என்ன நினைப்பாளோ என்று பயந்தான். அவளோ, "அந்தக் கடைசிக் குஞ்சு சரியான சேட்டை, வழுக்கி வழுக்கி விழுது பாருங்க" என்று தோள் குலுங்கச் சிரித்தாள். ஊசியும் மாத்திரையும் போதும் என்று அவர்கள் நிறுத்தி அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. அழ வேண்டியதை அவள் அழுது முடித்திருந்தாள்.

வினை தாதர் ஸ்டேஷனில் வந்தது. விடியற்காலை ரயிலுக்கு நின்றவர்களை அவர்கள் சபையைச் சேர்ந்த ஒருத்தி பார்த்துவிட்டு எங்கே என்று கேட்டாள். "கர்ஜத் பக்கம் ஒரு சோலியா போறோம்" என்று ஜெபசெல்வி சொல்லிவைத்தாள். கர்ஜத் பக்கம் பிள்ளை பாக்கியத்துக்கு யாரோ நாட்டு மருந்து கொடுக்கிறார்களாம். பிள்ளையில்லாத தம்பதி, மாதம் தவறாமல் ஒரே நாள், கையில் ஒரு பை. சந்து தானாகவே முடிவு கட்டியது. ஜெபசெல்வியும் மறுக்கவில்லை. வைத்தியம் என்றால் ஆராதனைக்கு வராததை மன்னிப்பார்கள். படகு என்று சொன்னால் மானம் போகும். அதைவிட மோசம், அடுத்த மாதமே வேன் பிடித்து, பிரியாணி அண்டாவோடு நாற்பது பேர் ஏரிக்கு வந்து இறங்குவார்கள்.

பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ஞானப்பூ அக்கா சும்மா இருப்பாளா? செல்வியின் வைத்தியம் பலிக்க மூன்று வெள்ளி உபவாசம் என்று அறிவித்துவிட்டாள். மூன்றாம் வெள்ளி, சர்க்கரை வியாதியோடு பட்டினி கிடந்த ஞானப்பூ அக்கா குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

இனி வாய் திறக்காமல் இருந்தால் தான் மனுஷியே இல்லை என்று ஜெபசெல்விக்குத் தோன்றியது. சொன்னால் ஏரி போச்சு. போகட்டும் என்று கிளம்பினாள்.

அக்கா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஜெபசெல்வி தரையில் உட்கார்ந்தாள்.

"எக்கா, நாங்க வைத்தியத்துக்குப் போகல. ஏரியில படகு விடப் போறோம்."

"படகா?"

"ஆமா. ரெண்டு பேரும் துடுப்பு போடுவோம். பறவைய பாத்துக்கிட்டு இருப்போம். அவ்வளவுதான்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப உனக்குப் பிள்ள வேண்டாமாட்டி?"

"வேணும்னு இருந்துச்சி. இப்ப இல்லக்கா. பொய்யா சொல்லுதேன்? நாங்க சந்தோஷமாத்தான் இருக்கோம்."

"நான் கெடந்த பட்டினி?" அக்காவின் குரல் உடைந்தது. "கர்த்தர் கால பிடிச்சி அழுதேனே, படகுல போனவளுக்கா அழுதேன்?"

ஜெபசெல்வி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம், "படகுல போனா அவன் உன்கிட்ட என்ன பேசுவான்?" என்றாள்.

"ஒண்ணும் பேச மாட்டாவ."

"நீ?"

"நானும்தான்."

ஞானப்பூ அக்காவின் புருஷன் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் பாத்திரம் பறக்காத நாள் கிடையாது. அவள் ஜெபசெல்வியின் முகத்தையே பார்த்தாள். "சரி, எந்திச்சி போ" என்றாள். அக்காவுக்குக் கோபமா இல்லையா என்று தெரியாமலே ஜெபசெல்வி வீடு வந்தாள்.

அடுத்த வெள்ளி சங்கக் கூட்டத்தில் ஜெபசெல்வி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். செல்வி விஷயம் என்னாச்சு என்று ஒருத்தி கேட்டாள். ஞானப்பூ அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"செல்விக்காகக் கர்த்தர்கிட்ட கேட்டது போதும். அவியள ரெண்டாம் ஞாயித்துக்கிழம யாரும் தேடவும் வேண்டாம், எங்கனு கேக்கவும் வேண்டாம். கண்ண மூடுங்க."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே, செல்வியும் அவ மாப்பிள்ளையும் நல்லா இருக்காவ. அதுக்கு ஸ்தோத்திரம்" என்றாள் அக்கா. அத்தோடு ஆமென் சொல்லிவிட்டாள். பதினான்கு வருஷத்தில் தன் பெயரைச் சொல்லி, எதுவும் கேட்காமல் முடிந்த ஜெபத்தை ஜெபசெல்வி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.