அம்மன் இடுப்பிலிருந்து விழுந்தது

பொறாமை எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் வயிறு பற்றி எரிவது என்றால் என்னவென்று, கிணற்று மேட்டில் கடலைக்காய் பிடுங்கிய அன்றுதான் தெரிந்தது. ஜெர்மன்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நானும், என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டியான அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தோம். அவள் களைக்கொத்தில் ஏதோ ணங்கென்று பட்டது. நான் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தால் என் கொத்தில் பட்டிருக்கும். இதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

புளி போட்டுத் தேய்த்ததும் பித்தளை பளபளத்தது. உள்ளங்கை அகலம். பின்பக்கம் வளைந்த கொக்கி, முன்பக்கம் தேய்ந்துபோன ஒரு கிரீடம். எங்கள் கொல்லை ஓரத்தில் அம்மன் கல் உண்டு, வருஷா வருஷம் பொங்கல் வைப்போம். மாமியார் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நம்ம ஆத்தாளோட ஒட்டியாணக் கொக்கிடி இது! கிரீடத்தப் பாருங்கடி. மூத்தவ கையிலதான் குடுக்கோணும்னு குடுத்திருக்கறா!"

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கடத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணை அவள் புருஷனுக்கு இரண்டாம் தாரமாகப் பார்த்து வைத்திருந்தார் மாமியார். அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. கொக்கிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, விளக்கு மாடத்தில் வைத்தார்கள். அம்மனுக்கு முதல் பொங்கப்பானை அக்கா கையால். ராகி விதைப்புக்கு முதல் பிடி அக்கா கையால். மாடு கிடேரிக் கன்று போட்டால்கூட அக்கா கைராசி!

அப்படியானால் பெற்றவள் நான் யார்? அந்த வீட்டுக்கு ஒரு பேத்தியைக் கொடுத்தவள் நான். அந்த மூன்று வயதுக் கழுதையும் என் கையால் சோறு வாங்காது. "பெரிம்மா ஊட்டோணும்" என்று அவள் மடியில் போய் ஏறிக்கொள்ளும். அவள் களியைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி ஊட்டுவாள். எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல இருக்கும். அக்கா ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்!

பட்டாளத்தில் இருந்த என் அண்ணன் லீவில் என்னைப் பார்க்க வந்தான். மோர் கொடுக்கும்போது என் கண் அவன் இடுப்புக்குப் போனது. பெல்ட்டின் முகப்பில் அதே மாதிரி பித்தளை. வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து மாடத்திலிருந்து கொக்கியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். மஞ்சளைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா பூச பண்றீங்க? பட்டாளத்து பெல்ட்டு பக்கிள்மா இது. என்னோடதவிட ரொம்பப் பழசு. வெள்ளக்கார ராசாவோட கிரீடம். அந்தக் காலத்துல பட்டாளம் இந்த வழியாப் போனப்ப எவனுக்கோ அவுந்து வுழுந்திருக்கும். இல்லாட்டி எவனாச்சும் செத்துக் கெடந்திருப்பான், யாரு கண்டா? வுடு, கும்புட்டுட்டுப் போறாங்க."

அவன் போன மறுநாள் காலையிலேயே மாமியாரிடம் சொன்னேன். அவிழ்ந்து விழுந்ததைச் சொல்லவில்லை. செத்துக் கிடந்ததை மட்டும் சொன்னேன்.

"செத்தவன் இடுப்புல இருந்ததாம் அத்த. பட்டாளத்துல இருக்கற எங்கண்ணனே சொல்லுச்சுங்க."

மாமியார் கொக்கியைக் கையால் தொடவில்லை. குச்சியால் முறத்தில் தள்ளிக்கொண்டு போய் ஏரியில் வீசிவிட்டு வந்தார். வீடு முழுக்கச் சாணி கரைத்துத் தெளித்தார். "பொணத்து சாமானத்த வூட்டுக்குள்ள கொண்டாந்தவளுக்கு வயித்துல என்ன தங்கும்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

அக்கா என்னைத் தொழுவத்துக்குப் பக்கமாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்கண்ணன் நெசமா அப்படித்தான் சொன்னாரா, கண்ணு?"

"ஆமாக்கா" என்றேன்.

அடுத்த ஆவணியில் கடத்தூர்ப் பெண் வந்தாள். அக்கா பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று வண்டி கட்டச் சொன்னாள். பொய் சொல்வானேன், அன்றைக்கு என் வயிறு குளிர்ந்துதான் இருந்தது. முதல் பானை புதுசாக வந்தவளுக்கே போகட்டும், என் மகளாவது இனி எனக்குத்தானே என்று நினைத்தேன்.

வண்டி நகர்ந்ததும் மகள் என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவளைத் தூக்கி, முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, நடந்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு. வண்டி சக்கரத்துல வந்து வுழுந்துடப் போறா."

வண்டி போய்விட்டது. பெரிம்மா, பெரிம்மா என்று கத்திக்கொண்டே மகள் என் தோளைக் கடித்தாள். பல் பதிந்தது. நான் விடவில்லை. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.