தன் வண்டிக்கு முன்னால்

ஐந்தாவது நிறுத்தம் நெருங்கியதும் அவருடைய வலது கால் தானாகத் தளர்ந்துவிடும். கையில் ஸ்டியரிங் இல்லை, காலுக்கடியில் பிரேக் இல்லை, பின்னால் ஒரு பயணியும் இல்லை. விடிகாலை ஐந்தரை மணிக்கு ஆளில்லாத சாலையில் ஓடிக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் நிழற்குடை கண்ணில் பட்டால் போதும், வேகம் குறைந்து, உடம்பு சாலையோரமாக ஒதுங்கி, பெஞ்சுக்கு நேராக ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மறுபடி கிளம்பும். "இருபத்தாறு வருஷப் பழக்கம். மண்டைக்குத் தெரியுது, முட்டிக்குத் தெரியல" என்று தன்மேலேயே எரிந்து விழுவார்.

பேருந்து டெப்போவில் அவருக்கு 'டயம்' என்று பெயர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருப்பார். ஸ்டியரிங் பிடித்த கையைத் திருப்பாமல் பார்க்க வசதி. நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாக வந்துவிட்டால் காத்திருப்பார். "முந்திப் போனா ஓடி வர்றவன் ஏமாந்துருவான், பிந்திப் போனா நிக்கிறவன் ஏமாந்துருவான்" என்பது அவர் கணக்கு. வீட்டிலும் அதே பேச்சுதான். "சாப்பாடு ரெடியான்னு ஒரு நாளும் கேட்டதில்ல, எத்தனை மணிக்குக் கிளம்பும்னுதான் கேப்பாரு" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், மூன்றாவது நிறுத்தத்துக்கும் நான்காவதுக்கும் இடையில் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது அவருக்கு. ஐந்தாவது நிறுத்தம் வரை ஓட்டிவிட்டார். முன்வாசலைப் பெஞ்சுக்கு நேராக நிறுத்தி, கைபிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். வண்டியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர்தான், அவருடைய நடத்துநர்.

அந்த நடத்துநர் ஒல்லிக்குச்சி, வாய்த் துடுக்கு, டெப்போவில் எந்த வகுப்பு நடந்தாலும் கடைசி வரிசையில் குறட்டை விடுகிற ஆள். முதலுதவி வகுப்பில் மட்டும், பாடம் எடுத்தவர் முதல் வரிசைக்கு இழுத்துவந்து பொம்மையின் நெஞ்சை அமுக்க வைத்ததால் தூங்க முடியாமல் போயிற்று. அன்று பேருந்தின் தரையில் மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பதினோரு நிமிடம் அமுக்கினார். டயம் பிழைத்துக்கொண்டார். விலா எலும்பில் இரண்டு போயின.

"ரெண்டோட விட்டானே. இன்னும் ரெண்ட உடைச்சிருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்" என்று எல்லாரிடமும் சொல்வார். நடத்துநரிடம்தான் சொல்ல முடியவில்லை. ஒருமுறை புதுச் சட்டை வாங்கிக்கொண்டு போனார். "எதுக்குண்ணே இதெல்லாம், எனக்கு என்ன கல்யாணமா?" என்று திருப்பிக் கையில் திணித்துவிட்டார் அவர். நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே கெட்ட வார்த்தை கேட்டதுபோல முகத்தைச் சுளிக்கிற மனிதரிடம் உயிருக்கு நன்றி சொல்வது எப்படி? அந்தப் பாரம் டயமின் நெஞ்சில் இருந்தது. ஆனால் இது வலிக்காத பாரம். காலையில் கண் திறந்ததும் இதைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

எட்டு மாதம் கழித்து, எல்லாச் சோதனையும் தேறி, மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். அன்றிலிருந்து நடத்துநரின் கண் பயணிகள் மேல் இல்லை, முன்கண்ணாடியில் தெரிகிற ஓட்டுநரின் முகத்தின் மேல்தான். தண்ணீர் பாட்டிலைக் கூடத் தூக்க விடமாட்டார். "ஒரு நாள் தும்மிட்டேன். விசில் ஊதி நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டான்!" என்று சிரிப்பார் டயம்.

சிரிப்பு நான்கு மாதங்களுக்கு முன்பு நின்றது. டெப்போ எழுத்தர் வாய் தவறி உளறியதில் தெரிந்தது: நடத்துநருக்குப் போன வருடம் செக்கராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, முட்டி வலி என்று எழுதிக் கொடுத்து வேண்டாமென்றுவிட்டார். இந்த வருடமும் கடிதம் வரும், அதற்கப்புறம் வராது.

டயம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடிகாலையில் ஓட ஆரம்பித்தார். டாக்டரிடம் கேட்டார், "மெதுவா, தினமும், தலை சுத்தினா நிறுத்தணும்" என்றார் டாக்டர். மனைவி முதல் வாரம் முழுவதும் சைக்கிளில் கூடவே வந்து, பிறகு நம்பிக்கை வந்து தூங்கப் போய்விட்டார். 

ஊரில் வருடத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் உண்டு. டெப்போ வாசலில் ஆறரைக்குத் தொடக்கம், ஒன்பதாவது நிறுத்தத்தில் முடிவு. அதாவது அவருடைய பாதைதான். ஏழு மணிக்கு முதல் பேருந்து கிளம்பி, வழக்கம்போல நின்று நின்று பின்னால் வரும். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு ஏழு பதினெட்டுக்கு ஒன்பதாவது நிறுத்தம் சேரும். போன வருடம் டயமும் ஆசைப்பட்டு ஓடினார். ஏழாவது நிறுத்தத்தில் அவருடைய வண்டியே அவரைப் பிடித்துவிட்டது. நடத்துநர் படியிலிருந்து குதித்து, கையைப் பிடித்து ஏற்றி, முன்சீட்டில் உட்கார வைத்து விசிறிவிட்டார்.

பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு கடிதம் வந்தது. பந்தயத்துக்கு மறுநாள், திங்கட்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும். அன்று டீக்கடையில் டயம் வாயைத் திறந்தார்.

"போன வருஷம் ஏன்டா வேணாம்னு எழுதிக் குடுத்த?"

"முட்டி வலிண்ணே. செக்கர்னா வண்டி வண்டியா ஏறி இறங்கணும்."

"தினம் இருநூறு தடவ படியில தொங்குற முட்டிக்கு என்னடா வலி? உண்மையச் சொல்லு."

நடத்துநர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "நான் போயிட்டா உங்க வண்டிக்கு வேற ஒருத்தன் வருவான். அவன் அந்தக் கிளாஸ்ல தூங்கியிருந்தான்னா?"

டயம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நான் ஓடுறேன், நம்ம வண்டியில நீ வா. எனக்குப் பதிலா வேற டிரைவர் வரட்டும். ஒன்பதாவது ஸ்டாப் வரைக்கும் வண்டி என்னைப் பிடிக்கலன்னா நீ கையெழுத்துப் போடுற. ஆனா எனக்காக வண்டிய மெதுவா உருட்டக் கூடாது. ஒரு நிமிஷம் முந்தியும் வேணாம், பிந்தியும் வேணாம்."

"பிடிச்சிட்டா?"

"பிடிச்சிட்டா கடைசி வரைக்கும் எனக்கு விசிறு."

ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. பயிற்சியில் நாற்பத்தாறரை நிமிடத்தில் முடித்திருந்ததால் ஒன்றரை நிமிடம் கையில் இருக்கிறது என்ற தெம்போடு கிளம்பினார். முதல் நான்கு நிறுத்தங்களையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிட்டார். ஐந்தாவதில்தான் வசமாக மாட்டிக்கொண்டார். பெஞ்சில் ஒரு வயதான கணவனும் மனைவியும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"தம்பி, ஏழு மணி வண்டி போயிடுச்சா?"

மற்ற ஓட்டக்காரர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இருபத்தாறு வருடத்தில், நிறுத்தத்தில் நிற்கிறவர்களைத் தாண்டி இந்த மனிதர் போனதே இல்லை. நின்றுவிட்டார். நின்றவர் சும்மா நின்றாரா? ஏழு ஒன்பதுக்கு வரும் என்றார். பெட்டியைப் பின்வாசலில் ஏற்றச் சொன்னார். சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட் குலுக்கும், அம்மா இரண்டாவது சீட்டில் உட்காரட்டும் என்றார். மணிக்கட்டைப் பார்த்தபோது கையிலிருந்த ஒன்றரை நிமிடமும் போயிருந்தது.

அதற்கப்புறம் ஓடியதுதான் ஓட்டம். ஏழாவது நிறுத்தத்தைத் தாண்டியபோது, போன வருடம் ஏற்றிய இடம் என்று நினைத்துக்கொண்டார், கொஞ்சம் தெம்பு வந்தது. எட்டாவதைக் கண்ணை மூடாத குறையாகக் கடந்தார். எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையில் கூப்பிடு தூரம்தான். மூச்சு முட்டியது, ஆனால் நெஞ்சு வலிக்கவில்லை; நன்றாகக் கவனித்துப் பார்த்தார், வலிக்கவே இல்லை. அப்போது பின்னால் பிரேக் சீறுகிற சத்தம் கேட்டது. தன் வண்டியின் சத்தம் அவருக்குத் தெரியாதா? எட்டாவது நிறுத்தத்தில் வந்து நிற்கிறது.

முடிவுக் கோடு ஒன்பதாவது நிழற்குடையைத் தாண்டி இருபதடியில் இருந்தது. நிழற்குடையின் கீழே ஏழெட்டுப் பேர் எழுந்து நின்று கையை நீட்டி உற்சாகப்படுத்தினார்கள். நீட்டிய கைகளைக் கண்டதும் அந்தப் பாழாய்ப்போன வலது கால் தளர்ந்தது. பெஞ்சுக்கு நேராக, அளந்து வைத்ததுபோல, நின்றேவிட்டார். "ஓடுங்க சார், ஓடுங்க!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கால் நகரவில்லை. மணிக்கட்டில் ஏழு பதினேழு.

தூரத்தில், எட்டாவது நிறுத்தத்தில், சொன்ன நேரத்துக்கு இம்மி பிசகாமல், வண்டியைக் கிளப்பச் சொல்லும் இரண்டு விசில் கேட்டது.

கால் கிளம்பிவிட்டது. இருபதடியையும் ஓடிக் கோட்டைத் தாண்டி, முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். பேருந்து வந்து நிற்பதற்குள் நடத்துநர் படியிலிருந்து குதித்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"மூச்சு வாங்குதேண்ணே!"

"ஓடினா வாங்கும்டா. வாங்கலன்னாதான் நீ பயப்படணும். பேனாவ எடு."

நடத்துநர் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். சட்டைப் பையிலிருந்த கடிதத்தைப் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் வைத்து, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். ஜன்னலோரம் இரண்டாவது சீட்டிலிருந்த அம்மா டயமைப் பார்த்துக் கையசைத்தார். ஏழு பத்தொன்பது. வண்டி கிளம்ப வேண்டிய நேரம். நடத்துநர் படியில் ஏறி விசிலை உதட்டில் வைத்தார். உதடு துடித்ததே தவிர ஊத வரவில்லை.

டயம் மணிக்கட்டைப் பார்த்தார். ஒரு எட்டு முன்னால் வந்து, தன் வண்டியின் விலாவில் உள்ளங்கையால் பட் பட் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.